பழைய இரும்பு, புது முலாம்

பழைய கார் வைத்திருக்கிற இருவர் சந்தித்துக்கொண்டால், இன்ஜின், டயர், கார்புரேட்டர் எல்லாம் பேசி முடித்தபின் பேச்சு எப்படியும் பம்பருக்கு வந்துவிடும். "குரோம் உரிஞ்சு போச்சு சார். மறுபடி முலாம் போடலாமா, இல்ல புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிடலாமா?" இந்தக் கேள்விக்கு நான் பல வருடங்களாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். பழைய பம்பரின் இரும்பு நன்றாக இருக்கிறவரை அதைக் கைவிடாதீர்கள். முலாம் கூலி புது பம்பரின் விலையைத் தாண்டினாலும் சரி, பழசையே செய்யுங்கள்.

என்னிடம் இருப்பது 1966 ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்தது. 1964-ல் 'டிலைட்' என்று வந்து, பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, பல தலைமுறைகளைச் சுமந்த அதே வண்டி. அதனால் நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு மாதிரி நம் சாலைகளில் ஓடிய வண்டிகளுக்குப் பொருந்தும். அமெரிக்க வண்டிகளின் கணக்கு வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் குரோமைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் முலாம் கடைக்குப் போனால் பணம்தான் விரயம்.

பம்பரில் நாம் பார்க்கிற கண்ணாடிப் பளபளப்பு குரோமியம் தருவதல்ல. மேலே இருக்கும் குரோமியப் படலம் பொதுவாக ஒரு மைக்ரான்கூட இருக்காது. நம் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பு அதற்கு அடியில் இருக்கும் நிக்கலுடையது. நல்ல வேலையில் நிக்கல் மட்டும் இருபது, முப்பது மைக்ரான் இருக்கும். ஆனால் நிக்கலுக்கு லேசான மஞ்சள் சாயை உண்டு, காற்றுப்பட்டால் மங்கவும் செய்யும். மேலே ஏறும் குரோமியம் அந்த மங்கலைத் தடுத்து, நமக்குப் பழகிய அந்த நீலம் கலந்த வெண்மையைக் கொடுக்கிறது. கடினமாக இருப்பதால் கீறலையும் தாங்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

துருவை அது தடுக்காது. குரோமியப் படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள். தண்ணீர் அதன் வழியே சுலபமாக இறங்கும். இறங்கிய தண்ணீரை இரும்பு வரை போகவிடாமல் நிறுத்துவது நிக்கல்தான். அதனால்தான் தரமான கடைகளில் நிக்கலையே இரண்டு அடுக்காக ஏற்றுகிறார்கள். அடியில் பாதிப் பளபளப்புள்ள நிக்கல், அதன்மேல் முழுப் பளபளப்புள்ள நிக்கல். மேலடுக்கில் கொஞ்சம் கந்தகம் இருப்பதால் அரிப்பு அதைத்தான் முதலில் தின்னும். பக்கவாட்டில் பரவுமே தவிரக் கீழே துளைத்துக்கொண்டு போகாது. இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நிக்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. கொரியப் போர் நடந்த நாட்களில், முக்கியமாக 1952-ஐ ஒட்டி, அமெரிக்காவில் நிக்கல் போர்த் தளவாடங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது. கார் கம்பெனிகள் நிக்கலைக் குறைத்தும் விட்டும், தாமிரத்தின் மேலேயே குரோமை ஏற்றி, அதற்கு மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு அடித்து வண்டிகளை அனுப்பின. ஷோரூமில் எல்லாம் ஒரே மாதிரிதான் மின்னியிருக்கும். கொஞ்ச நாளில் அந்த பம்பர்கள் பொரிந்து உரிந்தன. அந்தக் காலத்து வண்டியை இன்றைக்குப் புதுப்பிக்கிறவர்கள் இப்போதும் அதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் மலிவு டூப்ளிகேட் பம்பர்களில் பாதிக்கும் இதே வியாதிதான். போர் இல்லாமலேயே.

சரி, முலாம் கடைக்குப் போவோம்.

பழைய பம்பரைக் கொடுத்ததும் முதல் வேலை, இருக்கிற முலாமைக் கழற்றுவது. குரோம் ஆசிட்டில் கரைந்துவிடும். நிக்கல் அப்படிப் போகாது. ஆசிட் தொட்டியில் இறக்கி, முலாம் ஏற்றும்போது பாயும் கரண்டைத் திசை திருப்பிவிட்டால் நிக்கல் கழன்று வரும். அதற்குப் பிறகு வெளியே எடுக்கும் பம்பரைப் பார்க்க ஒவ்வொரு கார்க்காரரும் நேரில் போக வேண்டும் என்பேன். அதுவரை குரோமும் நிக்கலும் மூடி வைத்திருந்த அத்தனை விஷயமும் அப்போதுதான் வெளியே வரும்.

என் ஃபியட்டின் முன் பம்பர் அப்படி வெளியே வந்தபோது சாம்பல் நிறத்தில், ஈரமாக, அடையாளமே தெரியாமல் இருந்தது. இடது ஓரத்தின் கீழ் மடிப்பில் கடுகளவு குழிகள் கூட்டமாக. மழைநீர் தேங்கி நிற்கிற இடம் அது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு. கடைக்காரர் அதன்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

"சார், யாரோ முன்னாடியே பித்தளை வச்சு ஊதியிருக்காங்க பாருங்க. எங்கேயோ நல்லா இடிச்சிருக்கு."

"அப்படியே விட்டுடலாமாண்ணே, இல்ல எடுத்துடணுமா?"

"எதுக்கு எடுக்கணும்? நல்ல கை சார் இது. இரும்போட இரும்பா உட்கார்ந்திருக்கு. பட்டி வச்சிருந்தாத்தான் நமக்குத் தலைவலி."

பட்டி ஏன் தலைவலி என்றால், அதில் கரண்ட் பாயாது. கரண்ட் பாயாத இடத்தில் முலாம் ஏறாது. பெயிண்ட் அடிக்கும் உடம்பில் எந்த ஒடுக்கையும் பட்டி பார்த்து மறைத்துவிடலாம். பம்பரில் அந்தக் குறுக்குவழிக்கே இடமில்லை. ஒடுக்கு என்றால் சுத்தியலால்தான் எடுக்க வேண்டும். குழி என்றால் அரம் போட்டுத் தேய்த்து இறக்க வேண்டும், ஆழமாக இருந்தால் கேஸில் பித்தளை வைத்து நிரப்பித் தேய்க்க வேண்டும். உலோகத்தை உலோகத்தால்தான் சரிசெய்ய முடியும். முலாம் கூலியில் பெரும்பகுதி தொட்டிக்குப் போவதில்லை, இந்தக் கைவேலைக்குத்தான் போகிறது. கொடுக்கத் தகுந்த காசு அது.

பம்பர் வெற்று இரும்பாக இருக்கும்போதே அதை வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். பெரும்பாலானவர்கள் முலாம் முடிந்து, பளபளவென்று, துணி சுற்றி வந்த பிறகுதான் மாட்டுகிறார்கள். அப்போது இடது முனை விங்கிலிருந்து இரண்டு விரல் தள்ளியும் வலது முனை ஒட்டிக்கொண்டும் நின்றால் என்ன செய்வது? முலாம் போட்ட பம்பரை வளைத்தால் நிக்கல் விரிசல் விடும். வெற்று இரும்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் தட்டலாம். பிராக்கெட்டையும் சேர்த்து மாட்டி, இரண்டு பக்கமும் இடைவெளி பார்த்து, எதிரே பத்தடி தள்ளி உட்கார்ந்து கோடு சமமாக இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். பாதி நேரம் கோளாறு பம்பரில் இருக்காது, அதைத் தாங்கும் பிராக்கெட்டில் இருக்கும்.

பிறகு பஃபிங். இந்த வேலையைச் செய்கிறவர்கள் பேச்சில் வருவதே இல்லை, பளபளப்பு அவர்கள் கையில்தான் இருக்கிறது. எமரி ஒட்டிய சக்கரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு நம்பராக நயமாக்கிக்கொண்டு வந்து, கடைசியில் துணிச் சக்கரத்தில் முடிப்பார்கள். முகமெல்லாம் கரி. முழு நீள பம்பரை மார்போடு அணைத்து, சக்கரத்தில் எந்த இடத்திலும் ஒரு நொடி கூடுதலாக நிற்காமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். நின்றால் அங்கே பள்ளம் விழும். அவசரக்காரர் கையில் சிக்கிய பம்பரைப் போல்ட் ஓட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஓட்டையின் விளிம்பு ஒரு பக்கமாக இழுபட்டு, நீர்த்துளி வடிவில் வழிந்திருக்கும். மடிப்புக் கோடுகள் மொழுக்கென்று ஆகியிருக்கும். பெரிய அச்சில் வைத்து அழுத்தி எடுத்த கூர்மை அது. ஒரு தடவை தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

அதற்கடுத்து தாமிரம். இரும்பை நேராகத் தாமிர சல்பேட் தொட்டியில் இறக்கினால் தாமிரம் பிடிப்பில்லாமல் படிந்து பிற்பாடு உரிந்துவிடும். அதனால் முதலில் மெல்லிய நிக்கலோ சயனைடு தாமிரமோ ஏற்றி, அதன்மேல் கனமான தாமிரம். அதையும் பாலிஷ் போட்டு, குழி தெரிந்தால் மறுபடி தாமிரம் ஏற்றி, மறுபடி பாலிஷ். இந்தச் சுற்றைத்தான் கடைகள் சத்தமில்லாமல் விட்டுவிடுகின்றன. இரும்பின்மேல் நேராகக் கொஞ்சம் நிக்கல், கொஞ்சம் குரோம், கணக்கு முடிந்தது. டெலிவரி எடுக்கும் நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கார்த்திகை மழைக்குப் பிறகு தெரியும்.

இனி டூப்ளிகேட்டுக்கு வருவோம். புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றினால் ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் கேட்ட பம்பர் கிடைக்கும். விலையும் பரவாயில்லை. ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள், எடை குறைவது உடனே தெரியும். நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தகடு உள்ளே போய்த் திரும்பி வரும். பழைய பம்பர் அப்படி அசையாது. பின்பக்கம் திருப்பினால் பல பம்பர்களில் முனைகள் தனித்தனியாகச் செய்து பற்றவைத்த தடம் இருக்கும். முன்பக்கம் தேய்த்து மறைத்திருப்பார்கள், வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பிரதிபலிப்பு அந்த இடத்தில் நெளியும்.

செய்கிறவர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கம்பெனி பம்பர் ஒரே தகட்டில், பல டன் விசையுள்ள பிரெஸ்ஸில், அதற்கென்றே கடைந்த அச்சில் அழுத்தியது. அந்த அச்சு செய்யும் செலவை ஆயிரக்கணக்கான வண்டிகள்மேல் பிரித்துப் போட முடிந்தது. இன்றைக்கு எத்தனை பேர் ஃபியட் பம்பர் வாங்குகிறார்கள்? அச்சில்லாமல், ஒரு மாதிரியை வைத்து வளைத்துத்தான் செய்ய முடியும். அந்த மாதிரியே எங்கேயோ இடித்து நிமிர்த்தின பம்பராக இருந்தால், அதன் கோணல் எல்லாப் பிரதிகளிலும் வரும். வளைவு கொஞ்சம் தட்டையாகும், முனை அரை அங்குலம் குறையும், ஓட்டை தள்ளிப்போகும். மெக்கானிக் ஓட்டையை அரத்தால் நீட்டி, வாஷர் அடுக்கி மாட்டிவிடுவார். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் வண்டியின் முகம் மாறியிருப்பது தெரியும்.

பம்பர் விஷயத்தில் சட்டத்தில் ஏதாவது தடை இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். 2021-ல் வந்த விண்டேஜ் வண்டி விதி ஐம்பது வருடம் கடந்த வண்டிகளுக்கு. மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. பம்பர் முலாமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது நாம் வண்டிக்குச் செய்ய வேண்டிய மரியாதை சம்பந்தப்பட்டது.

அமெரிக்கக் கணக்கு வேறு என்றேனே, அதற்கு வருகிறேன். ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரலில் வந்து இரண்டு வருடத்துக்குள் பத்து லட்சம் வண்டி விற்றது. அவற்றில் ஏராளமானவை இன்னும் ஓடுகின்றன. அத்தனை பேர் வாங்குவார்கள் என்றால் தைவானில் ஒருவர் புதிதாக அச்சே செய்யலாம், செய்கிறார்கள். 1957 ஷெவர்லே பெல் ஏருக்கும் அப்படித்தான். அங்கே ஒரு மஸ்டாங்காரர் நசுங்கிய பம்பரைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அங்கேயும் போட்டிக்குக் கொண்டுபோகும் வண்டி என்றால் பழைய பம்பரைத் தேடிப் பிடித்து முலாம் போடுகிறவர்கள் உண்டு. பழையதைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே முலாம் போட்டு வைத்திருக்கும் வேறொரு ஒரிஜினலை வாங்கிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. நமக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இன்னொரு வழி எவர்சில்வர். வோல்வோ, மெர்சிடிஸ், எம்ஜி, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற பழைய வண்டிகளுக்கு வியட்நாமில் எவர்சில்வர் பம்பர் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். முலாமே கிடையாது, உரிய ஒன்றுமில்லை. தகடும் தடிமனாகவே இருக்கும். திருவான்மியூரிலோ ஈசிஆரிலோ கடலைப் பார்த்த வீட்டில் இருந்துகொண்டு, வண்டியைத் தினமும் எடுக்கிறவர் என்றால் இதை யோசிக்கலாம். கடல் காற்றில் எவர்சில்வரிலும் பழுப்புக் கறை படியும், ஆனால் துடைத்தால் போய்விடும். நிறம்தான் சிக்கல். எவர்சில்வருக்குக் குரோமின் நீலம் கிடையாது. பக்கத்திலேயே கிரில்லும் ஹெட்லைட் வளையமும் குரோமில் இருக்க, பம்பர் மட்டும் வேறு வெள்ளையாகத் தெரியும். நம் ஊரில் ஃபியட்டுக்குக் கையால் எவர்சில்வரில் செய்யச் சொன்னாலும் செய்து தருவார்கள். ஆனால் எவர்சில்வர் தட்டத் தட்ட இறுகும் தகடு. முனையின் இரட்டை வளைவு அதில் லேசில் வராது.

இவ்வளவு தூரம் மறுமுலாமுக்குப் பரிந்து பேசிவிட்டு, ராணிப்பேட்டையைப் பற்றிப் பேசாமல் போனால் அது நேர்மை ஆகாது.

குரோம் தொட்டியில் இருக்கும் செம்பழுப்புத் திரவம் குரோமிக் ஆசிட். அறுமதிப்புக் குரோமியம். மூச்சில் ஏறினால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். முலாம் ஏறும்போது மின்சாரத்தில் பெரும்பகுதி குரோமை ஏற்றுவதற்குப் பதிலாக ஹைட்ரஜன் குமிழிகளைக் கிளப்புவதில்தான் செலவாகிறது. அந்தக் குமிழிகள் வெடிக்கும்போது ஆசிட் பனி மாதிரி எழும்பும். தொட்டிக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர் அதைத்தான் சுவாசிக்கிறார். ராணிப்பேட்டையில் குரோமிய உப்புகள் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1995-ல் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு லட்சம் டன்னைத் தாண்டும். மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து கரைந்த குரோமியம் நிலத்தடியில் இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளான ஊர்க்காரர்களுக்கு என் பம்பரின் பளபளப்பு எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு. அது முலாம் கடை அல்ல, ஆனால் நஞ்சு அதே நஞ்சு.

அதனால் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது வேலைத் தரத்தோடு இன்னொன்றையும் பாருங்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். சரியாக நடத்துகிற இடத்தில் அந்த மஞ்சள் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து, ஆசிட் சேர்த்து, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு, அறுமதிப்புக் குரோமியத்தை மும்மதிப்பாக மாற்றுவார்கள். மஞ்சள் மறைந்து பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் அது சேறாகக் கீழே படியும். கேட்டால் பெருமையோடு காட்டுவார்கள். சாக்கடைப் பக்கம் கை காட்டுகிற கடையில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பம்பரை இறக்காதீர்கள். அங்கே செய்வதைவிட டூப்ளிகேட் வாங்குவதே மேல் என்பதுகூட சரியான பதிலாகாது, அதற்கும் எங்கோ இதே தொட்டிதான். நன்றாக ஒரு முறை செய்து, அடுத்த இருபது வருடம் தொட்டிப் பக்கமே போகாமல் இருப்பதுதான் நம்மால் ஆனது.

கலிபோர்னியாவில் 2027 முதல் அலங்கார முலாமுக்கு அறுமதிப்புக் குரோமியத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2023-லேயே விதி போட்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் 2017 முதல் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. அதற்கு மாற்றாக வந்திருக்கும் மும்மதிப்புக் குரோம் எவ்வளவோ பாதுகாப்பானது. நிறம் ஒரு பொட்டு கருமை. ஒரு வண்டியின் எல்லா உருப்படிகளையும் சேர்த்து ஒரே முறையில் செய்தால் அந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. நம் ஊரில் செய்து தரும் கடை கிடைத்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இத்தனையும் தேவைப்படாத பம்பர்களும் இருக்கின்றன. பழுப்புப் புள்ளிகள் மட்டும், உரிதல் இல்லை என்றால் தொட்டிக்கே அனுப்பாதீர்கள். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்துப் பாருங்கள். மேல் துரு கலங்கலாக இறங்கும். துடைத்துக் காயவைத்து மெழுகு போட்டால் போதும். கிட்டப் போனால் புள்ளிகள் தெரியும், தெரியட்டும். அறுபது வருடம் முன்பு ஏற்றிய கம்பெனி முலாம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்றால் அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட எனக்கு மனம் வராது.

முலாம் முடிந்து வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். குரோம் மடிப்புகளுக்குள் சரியாக ஏறாது, அது அந்தத் தொட்டியின் சுபாவம். உள்பக்கம் வெறிச்சென்று இருந்தால் நன்றாகத் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, அதன்மேல் அலுமினியப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். துரு பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். போல்ட் தலைக்கடியில் மெல்லிய ரப்பர் வாஷர் போடுங்கள்.

தகடு ஓட்டை விழுந்து, மடிப்பெல்லாம் உளுத்து, கேஸ் காட்டினாலே பொத்துக்கொண்டு போகிற நிலை என்றால் எந்தக் கைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது டூப்ளிகேட்தான். உங்களிடம் இருக்கிற பழசையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். பக்கத்தில் வைத்து அளந்து, கிடைக்கிறதில் கனமானதாகப் பார்த்து எடுத்து, கடை முலாமைக் கழற்றிவிட்டுத் தாமிரத்திலிருந்து புதிதாக ஏற்றிக்கொள்ளுங்கள். செலவு கூடும், ஆனால் நிற்கும். பழைய பம்பரை மட்டும் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓர் ஓரம் உளுத்திருந்தாலும் மறு ஓரம் நன்றாக இருக்கும். அந்த முனை கிடைக்காமல் இன்னொரு ஃபியட்காரர் எங்கேயோ அலைந்துகொண்டிருப்பார். நல்ல பாதிகள் இரண்டைச் சேர்த்து ஒரு பம்பர் செய்து தரும் கைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன.